மூணாள் பீஸ்

"உங்ககிட்ட வர்றதுலயே கனமான பீஸ் எத்தனை கிலோ இருக்கும் சார்?" என்று கேட்டார் திருச்சியிலிருந்து வந்திருந்த கிரேன் கம்பெனி எஞ்சினியர். கையில் ஒரு படிவம், சட்டைப்பையில் இரண்டு பேனா. நான் யோசிக்கவே இல்லை. பெரும்பாலும் மூணாள் பீஸ்தான், எப்போதாவது நாலாள் பீஸ் வரும் என்றேன். எழுதப் போனவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனையோ பட்டறைகளுக்குப் போய் வந்த மனிதர் அவர். எடையை ஆள் கணக்கில் சொன்ன முதல் ஆசாமி நான்தான் போலிருக்கிறது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் நாள் முழுக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற சாலை அது. சிமெண்ட் ஆலைகளிலிருந்தும் கல் உடைக்கிற கிரஷர்களிலிருந்தும் தேய்ந்துபோன இரும்புத் தண்டுகள், பட்டறை பாஷையில் ஷாஃப்டுகள், எங்களிடம் வரும். தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து நிரப்பி, லேத்தில் மாட்டிக் கடைந்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து கொடுப்போம். பட்டறையில் மொத்தம் மூன்று பேர்: லேத் ஓட்டும் டர்னர், ஒரு வெல்டர், அப்புறம் நான்.

டர்னர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கோபம் வந்தால் மட்டும் 'மொதலாளி' என்பார். பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு நாலைந்து தடவை சொல்லியிருப்பார், அத்தனையும் நியாயமான தடவைகள்.

எங்கள் பட்டறையில் தராசு கிடையாது. வண்டியிலிருந்து இறங்கும்போதே பார்த்துச் சொல்லிவிடுவோம், இது ரெண்டாள் பீஸ், இது மூணாள் பீஸ் என்று. எங்கள் பக்கத்தில் நெல் மூட்டையிலிருந்து ஊர்ச் சப்பரம் வரைக்கும் ஆள் கணக்குதான். மூணாள் பீஸ் என்றால் மூன்று பேரும் ஆளுக்கொரு பங்கு தூக்குகிறோம் என்று அர்த்தம். அப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஷாஃப்டை லேத்தில் ஏற்றுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முனையை சக் என்கிற இரும்புத் தாடைக்குள் நுழைத்து இறுக்க வேண்டும். அந்தப் பக்கம் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அங்கே டர்னர் நிற்பார். மறுமுனையை நானும் வெல்டரும் பிடிப்போம். 'தூக்கு' என்று குரல் கொடுப்பது நான். முதலாளி என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் நானும் பாரம் பிடிக்கிறேன் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. உள்ளூர என்ன, கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்துகூடச் சொல்லியிருக்கிறேன்.

கிரேன் வாங்கும் எண்ணம் எனக்குத் தானாக வந்ததில்லை. அரியலூர்ப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார். நாங்கள் மூன்று பேரும் கையால் தூக்குவதைப் பார்த்துவிட்டு, தூக்கும் சாதனம் இருக்கிற பட்டறைக்குத்தான் இனி வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மூக்கின் மேல் கோபம். இரண்டு நாள் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்துவிட்டு, மூன்றாம் நாள் திருச்சிக்குப் போன் போட்டேன்.

ஜிப் கிரேன் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஒரு தூண், அதன் தலையில் பக்கவாட்டில் நீளும் ஒரு கை, அந்தக் கையில் ஓடும் கொக்கி. கையைத் தள்ளினால் தூணைச் சுற்றி வரும். தூண் வேண்டாமென்றால் சுவரிலும் பொருத்தலாம். நான் அதற்குள் மனதில் எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தேன். வாசலை ஒட்டிய சுவரில் பொருத்த வேண்டும், வருகிற அதிகாரி கண்ணில் முதலில் அதுதான் பட வேண்டும். இரண்டு டன் தூக்குவதாக இருக்க வேண்டும். வாங்குவதே வாங்குகிறோம், பெரிதாக வாங்கிவிடுவோமே என்பது எங்கள் ஊர் நியாயம்.

எஞ்சினியர் அந்தச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பாரம் தொங்கும்போது அந்தக் கை சுவரைக் கீழே அழுத்துவதோடு நிற்காது, வெளியே பிடித்து இழுக்கும், இந்தச் செங்கல் சுவர் அதற்குத் தாங்காது என்றார். முதலில் பீஸ்களை எடை போட்டு வையுங்கள், எந்த இடம் என்பதை லேத்தில் நிற்கிற ஆளிடம் கேட்டு வையுங்கள், இரண்டு வாரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். என் பட்டறையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று நான் இன்னொருவரைக் கேட்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அந்த வாரமே டர்னர் என்னிடம் வந்து, பழைய பருத்தித் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "தைப் பொங்கலோட நின்னுக்கிறேன் தம்பி" என்றார். காரணம் கேட்டதற்குக் காட்டைப் பார்க்க வேண்டும், மக்காச்சோளம் போட்டிருக்கிறேன் என்றார். நான் அதை நம்பவில்லை. அரியலூரில் புதிதாக வந்திருக்கிற பட்டறைக்காரன் யாரோ வலை வீசிவிட்டான் என்று முடிவு கட்டினேன். அவர் இல்லாமல் என் பட்டறை வெறும் இரும்புக் கடை. ஒரு முடி அகலத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடைந்து எடுக்கிற கை அவருடையது. அவர் போனால் நான் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். அந்தப் பயத்தை நான் வழக்கம்போலக் கோபமாக மாற்றிக்கொண்டேன். நாலு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வேப்பந்தட்டையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ஐப்பசி மழை பெய்து, மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது. காட்டைப் பார்க்க வேண்டும் என்றவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். ஐம்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மனைவி சுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். அதிகம் பேசாத அம்மாள் அவர். அன்றைக்கு என்னைப் பார்த்து, "அவரு எப்பவும் சொல்லுவாருங்க, கனத்த பக்கத்த நீங்கதான் புடிப்பீங்க, அவரு சும்மா கை குடுக்கறதுதான்னு. உங்க புண்ணியத்துலதான் அவரு நடமாடுறாரு. உங்க முதுகப் பாத்துக்கங்க" என்றார்.

நான் அப்படியே பூரித்துப்போனேன். கனத்த பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே நான் அதுவரை நினைத்ததில்லை. ஆனாலும் ஒரு மனிதன் தன் வீட்டில் போய் நம்மைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருக்கிறான் என்றால், அதில் உண்மை இல்லாமலா இருக்கும்? "என்னங்க பண்றது, தொழில்னு வந்துட்டா மொதலாளி என்ன, தொழிலாளி என்ன" என்று சொன்னேன். சொன்னதை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. டர்னர் அப்போது காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு அப்புறமும் வாருங்கள் என்று கிளம்பும்போது கேட்டேன். பார்க்கலாம் தம்பி என்றதோடு சரி. திரும்பி வரும் வழியெல்லாம், இவ்வளவு நல்ல முதலாளியை விட்டுவிட்டுப் போக எப்படித்தான் மனசு வருகிறதோ என்று அவர் மீதே வருத்தப்பட்டுக்கொண்டு வந்தேன்.

எஞ்சினியர் சொன்ன எடை வேலை பாக்கி இருந்தது. பக்கத்தில் சின்ன வெங்காய குடோன். அங்கிருந்து மூட்டை போடுகிற மின் தராசை வாங்கிவந்தோம். ஒரு கிரஷர் ஷாஃப்ட் வந்திருந்தது, அசல் மூணாள் பீஸ். ஒரு முனையில் சக்கரம் போல தடித்த வளையம், மறுமுனை மெலிந்தது. தராசின் தட்டோ சின்னது, ஷாஃப்டோ நீளம். முழுசாக வைக்க முடியவில்லை. வெல்டர்தான் வழி சொன்னார், ஒரு முனையைத் தராசிலும் மறுமுனையை அதே உயரத்துக் கட்டையிலும் வைப்போம், அப்புறம் திருப்பி வைத்து இரண்டையும் கூட்டுவோம் என்று.

சக் பக்கம் போகிற தடித்த முனையை முதலில் வைத்தோம். எழுபத்தெட்டு கிலோ. திருப்பி, நானும் வெல்டரும் பிடிக்கிற முனையை வைத்தோம். நாற்பத்தெட்டு.

நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தராசு கெட்டுப்போயிருக்கிறது என்று கத்தினேன். இறக்கிவிட்டு நானே ஏறி நின்று பார்த்தேன். டாக்டர் வீட்டுத் தராசு என்ன சொன்னதோ அதையேதான் இதுவும் சொன்னது. "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்தே நாப்பத்தெட்டுங்க. ஆளுக்கு அரை மூட்டை வெங்காயம்" என்று வெல்டர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அடுத்தவர் முதுகும் தெரியவில்லை.

இருபத்து நாலு கிலோவைத் தூக்கிவிட்டுத்தான் நான் கல்யாண வீடுகளில் பேசியிருக்கிறேன். எழுபத்தெட்டு கிலோவை ஒற்றை ஆளாகத் தூக்கி, அதைத் தொடையில் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் சக்கை இறுக்கியவர், தன் வீட்டில் போய், கனத்த பக்கத்தை முதலாளிதான் பிடிக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். நாளுக்கு நாலைந்து பீஸ், பதினெட்டு வருடம். பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெல்டரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு டர்னரிடம் போனேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஷாஃப்டின் முனையைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நானும் பல பட்டறை பாத்துட்டேன் தம்பி. மொதலாளிங்க தூர நின்னு கை காட்டுவாங்க. நீங்க வந்து கை வச்சீங்க. கை வச்ச மனுசங்கிட்ட போயி, எனக்குத்தான் கனம் ஜாஸ்தின்னு எப்புடிச் சொல்றது?"

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இடுப்பில் தட்டு விலகியிருக்கிறதாம். இனிமேல் பாரம் தூக்கினால் கால் மரத்துப்போகும் என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லிவிட்டாராம். அரியலூருக்கும் போகவில்லை, வேறெங்கும் போகவில்லை. தூக்காமல் டர்னர் வேலை எங்கே இருக்கிறது என்றுதான் நிற்கப் பார்த்தேன் என்றார். வீட்டில் உண்மையைச் சொன்னால் மறுநாளே வேலைக்கு விடமாட்டாள் என்பதால்தான் அந்தப் பொய்.

இரண்டு வாரம் கழித்து எஞ்சினியர் வந்தபோது நான் படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கி டர்னரிடம் கொடுத்தேன். எதைக் கேட்பதானாலும் அவரைக் கேளுங்கள் என்றேன். என் வாசல் சுவர், என் இரண்டு டன், எல்லாம் அந்த நிமிஷத்தோடு போனது.

டர்னர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு லேத்தைச் சுற்றி வந்தார். பீஸ் வண்டியிலிருந்து இறங்குகிற இடம், வெல்டிங் மேசை, சக்கின் வாய், மூன்றுக்கும் கிரேனின் கை எட்ட வேண்டும் என்றார். தரையில் ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தார். லேத்துக்குப் பின்னால், நான் பழைய இரும்பைக் குவித்து வைத்திருந்த மூலை அது. யார் கண்ணிலும் படாத இடம். எஞ்சினியர் டேப் பிடித்து அளந்துவிட்டு, நான் அளந்து சொன்னாலும் இதே இடத்தைத்தான் சொல்வேன் என்றார். கூரையின் கைமரம் இடிக்காத உயரத்துக்குத் தூண். பாரத்தில் அரை டன் தாராளம் என்றார். பெரிதாகப் போனால் கையே கனமாகிவிடும், அதைச் சுற்றித் தள்ளுவதே ஒரு பாரமாகிவிடும் என்று விளக்கினார். கொக்கி மெதுவாக இறங்குகிற வேகம் ஒன்று வேண்டும், சக் வாயில் முடி அளவு ஏற்றி இறக்க வேண்டியிருக்கும் என்று டர்னர் கேட்டார். எஞ்சினியர் அதையும் எழுதிக்கொண்டார். கையால் இழுக்கிற செயின் பிளாக்கே போதாதா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் அன்றைக்கு 'மொதலாளி' என்று கூப்பிட்டிருப்பார்.

தூணுக்குக் குழி தோண்டுவதுதான் பெரிய பாடு. எங்கள் மண் கரிசல். மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். அதன் மேல் தூணை நட்டால் கோடையில் ஒரு பக்கமும் மழையில் ஒரு பக்கமும் சாயும். கரிசலுக்கு அடியில் சுக்கான் பாறை தட்டுகிற வரைக்கும் தோண்டச் சொன்னார் எஞ்சினியர். கார்த்திகை முடிவதற்குள் குழியை வெட்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுவிட்டோம். மார்கழியில் எங்கள் பக்கம் புதிதாக எதையும் தொடங்கமாட்டோம். கான்கிரீட் இறுகுவதற்கு அந்த மாதம் தோதாகப் போனது.

எடை போட்ட மறுநாளிலிருந்து கிரேன் நிற்கும்வரை சக் பக்கம் நான்தான் நின்றேன். டர்னர் எதையும் தூக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, மறுமுனைக்கு வெங்காய குடோனிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டேன். ரெண்டாள் பீஸ் மட்டும்தான் எடுத்தோம். அதற்கே நாலாம் நாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. 'அம்மா' என்று நான் கத்தியது ரோட்டில் போன லாரிக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். டர்னர் வந்து தைலம் தேய்த்துவிட்டார். எந்த இடத்தில் வலிக்கிறது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நேராக அந்த இடத்திலேயே கட்டைவிரலை வைத்தார்.

பொங்கல் வந்தது, போனது. அவர் நிற்பதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் எந்தப் பதில் வருமோ என்று பயம். தை கடைசியில் ஒரு நல்ல நாளில் தூணை நிறுத்தி, கையை ஏற்றினார்கள். சாலையோரம் முழுக்க மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, சூடம் காட்டினோம். டர்னரின் மனைவியும் பஸ் பிடித்து வந்திருந்தார், கையில் சர்க்கரைப் பொங்கல் தூக்குவாளியுடன்.

முதல் தூக்கு மூணாள் பீஸ்தான். கொக்கியில் மாட்டுகிற பெல்ட்டை ஷாஃப்டின் நடுவில் போடாமல், தடித்த முனைப் பக்கம் தள்ளிப் போட்டார் டர்னர். கனம் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும், பதினெட்டு வருடம் அவர் தொடையில் நின்ற கனம். பொத்தானை அழுத்தினார். ஷாஃப்ட் ஆடாமல் சாயாமல் எழுந்தது. ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போய், மெதுவான வேகத்தில் இறக்கி, சக் வாய்க்குள் விட்டு இறுக்கினார். நாங்கள் யாரும் தொடவில்லை. எனக்குத் 'தூக்கு' என்று சொல்லக்கூட வேலை இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சூடப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

டர்னர் எஞ்சினியர் பக்கம் திரும்பி, இந்தக் கொக்கிச் சங்கிலிக்கு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விட வேண்டும், அடுத்த வருடம் எதையெல்லாம் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். போகிற ஆள் அடுத்த வருடத்துச் சங்கிலியைப் பற்றிக் கேட்கமாட்டார். எனக்கு அது போதும்.

பொங்கலை இலையில் வைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம் போனேன். இதை இன்று சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. "அன்னைக்கு வீட்டுல நீங்க சொன்னது தப்புங்க. கனத்த பக்கத்த நான் புடிக்கல. இத்தன வருசமும் அவருதான் புடிச்சாரு" என்றேன்.

அவர் நிமிராமலேயே, "தெரியும்ங்க" என்றார். "தெனம் ராத்திரி ஒத்தடம் குடுக்குறவளுக்கு, எந்த முதுகு தூக்குதுன்னு தெரியாதுங்களா?"

அப்புறம் ஏன் அன்றைக்கு என்னை அப்படிப் புகழ்ந்தீர்கள் என்று கேட்டேன். இலையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"கொற சொல்லிருந்தா உங்களுக்குக் கோவம் வந்துருக்கும். நல்லவருன்னு சொன்னா, அதக் காப்பாத்திக்குவீங்கன்னு நெனச்சேன்."

இந்த ஐம்பது வயதில் என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் திட்டியதில்லை. இலையைக் கீழே வைத்துவிட்டு, அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.